ராணியின் மூக்கில் மச்சம்

"இதை யாரும்மா கிறுக்கினது?"

அச்சக முதலாளி புரூஃப் கட்டைத் தூக்கி மேசைமேல் போட்டார். போட்ட வேகத்தில் டீ கிளாஸ் ஓர் ஆட்டம் ஆடிவிட்டு நின்றது.

"கிறுக்கல் இல்ல சார், திருத்தம்" என்றாள் சிவப்பு மை.

வீட்டில் வைத்த பெயர் வேறு. அச்சகத்தில் அது யாருக்கும் ஞாபகம் இல்லை. புரூஃப் பார்ப்பது அவள் வேலை. தப்பு என்று ஒன்று கண்ணில் பட்டால் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு இழுக்காமல் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. ஒரு டாக்டரின் விளம்பர அட்டையில் 'கைராசிக்காரர்' என்று இருந்ததை அடித்துவிட்டு, ஓரத்தில் 'ஆதாரம் எங்கே?' என்று எழுதி அனுப்பியவள் அவள். அந்த டாக்டர் அதற்குப் பிறகு அந்தத் தெருப் பக்கமே வருவதில்லை.

"எழுத்துப் பிழை பார்க்கத்தான் உங்களை வச்சிருக்கேன். விஷயத்தைத் திருத்தச் சொல்லி யாரு கேட்டா?"

"விஷயமே பிழையா இருந்தா என்ன சார் பண்றது?"

முதலாளி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தார். "'ஏழே மாதம் ஆண்ட ராணி வெளியிட்ட இந்த வெள்ளிக் காசு, இன்று உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் எஞ்சியிருக்கிறது. அது நமது அருங்காட்சியகத்தில் உள்ளது. வேறு எங்காவது இருப்பதாக யாராவது சொன்னால் அந்தக் காசு போலி, அந்த ஆள் பொய்யர்.' இது புத்தகம் எழுதினவர் எழுதினது. பக்கத்துல நீங்க என்ன எழுதியிருக்கீங்க?"

"'தவறு. இன்னொன்று எங்கள் வீட்டில் இருக்கிறது.'"

"கையெழுத்து வேற போட்டிருக்கீங்க!"

"யார் திருத்தினதுன்னு தெரிய வேண்டாமா?"

முதலாளி நாற்காலியில் சாய்ந்தார். புத்தகத்தை எழுதியவர் அருங்காட்சியகத்தின் காசு நிபுணர். அருங்காட்சியகத்தின் அச்சு வேலை முழுக்க இந்த அச்சகத்துக்குத்தான் வருகிறது. புரூஃபைப் பார்த்துவிட்டு அவர் காலையிலேயே தொலைபேசியில் காய்ச்சி எடுத்திருந்தார்.

"அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டு ரெண்டே வரி எழுதிக் கொடுத்துடுங்கம்மா. விஷயம் முடிஞ்சுடும்."

"முடியாது சார்."

"ஒரு காசுக்கா இந்தப் பிடிவாதம்?"

"காசை அவர் போலின்னு சொல்லட்டும், போயிட்டுப் போகுது. வச்சிருக்கவரைப் பொய்யர்னு எழுதியிருக்காரே? அது எங்கப்பா சார்!"

அப்பா தச்சர். சும்மா மேசை நாற்காலி செய்கிற தச்சர் இல்லை, கண்ணாடிப் பெட்டி செய்வதில் கைதேர்ந்தவர். நூலகம், நீதிமன்றம், பல் ஆஸ்பத்திரி, அருங்காட்சியகம், நகைக்கடை என்று ஊரில் எங்கே கண்ணாடி அலமாரி இருந்தாலும் அதில் பாதி அவர் செய்தது. கடையில் விற்கும் கீல், பூட்டு எதையும் தொடமாட்டார். மண்ணில் அச்சு எடுத்து, உலோகத்தை உருக்கி ஊற்றி, தானே வார்ப்பார். அவர் வார்க்கும் கீல் ஒவ்வொன்றும் வெற்றிலை வடிவத்தில் இருக்கும்.

அவள் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் ஒருநாள் அப்பா ஒரு கறுத்த காசைக் கொண்டுவந்தார். "ஒரு பெரிய மனுஷர் என் வேலையைப் பார்த்து அசந்துபோய்க் கொடுத்தது" என்றார். அதற்குப் பிறகு அந்தக் காசைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. தற்பெருமை பிடிக்காத மனிதர் என்று மகள் இன்னும் பூரித்துப்போனாள். அவர் போய்ச் சேர்ந்த பிறகு, பழைய மிட்டாய் டப்பா ஒன்றில் அந்தக் காசும், ஒரு துண்டுப் பென்சிலும், வீட்டில் எந்தப் பூட்டுக்கும் சேராத ஒரு குட்டிச் சாவியும் இருந்தன. அப்பாவின் சொத்து என்று அவள் வைத்திருந்தது அந்த டப்பாதான்.

"நிரூபிச்சுக் காட்டறேன் சார்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

விஷயத்தைக் கேட்டதும் அம்மாவின் கையிலிருந்த தட்டு நழுவியது.

"போலின்னே எழுதிக் கொடுத்துடுடி. என்ன குறைஞ்சு போச்சு?"

"அம்மா! அப்பா பொய் சொன்னார்னு நானே எழுதணுமா?"

"அவரு என்ன இப்ப வந்து பார்க்கவா போறாரு?"

"நான் பார்ப்பேன்ல?"

கணவர் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாமியார் சொன்னாலும் தலையாட்டுவார், மனைவி சொன்னாலும் தலையாட்டுவார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினால்தான் அவருக்குக் கழுத்து வலிக்கும்.

"ஒரு போட்டோ எடுத்து அனுப்பிட்டா?" என்றார், பொதுவாக.

எடுத்தார்கள். காசின் ஒரு பக்கம் ராணியின் முகம், மறுபக்கம் குதிரை. ஆனால் பல காலத்துக் கறுப்பு அப்பிக்கிடந்ததால் படத்தில் ராணியும் தெரியவில்லை, குதிரையும் தெரியவில்லை. மறுநாள் முதலாளி பதிலைச் சொல்லும்போது அவர் முகமும் அதே நிறத்தில் இருந்தது.

"கருகிப்போன கோட்டுப் பொத்தானை எதுக்கு அனுப்பினீங்கன்னு கேக்கறார்."

"நேர்ல பார்க்கச் சொல்லுங்க."

"ரெண்டு பக்கமும் தெளிவா இன்னொரு படம் வந்தா யோசிக்கலாம்னு சொல்றார். இல்லைன்னா மன்னிப்புக் கடிதம். திங்கள்கிழமை புத்தக வெளியீடு இருக்கும்மா, கொஞ்சம் இறங்கி வாங்க."

இறங்கி வருகிற ஆளா அவள்? சாயங்காலம் நல்ல விளக்கு வெளிச்சத்தில் படம் எடுப்பதற்காகத் திட்டம் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தாள். சமையலறையிலிருந்து 'கரக் கரக்' என்று சத்தம் வந்தது. அம்மா பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரால் எதையோ போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, என்ன பண்றே?"

"தெளிவா தெரியணும்னு சொன்னியே? அழுக்கைத் தேய்ச்சு எடுத்துட்டேன்."

காசு பளபளவென்று இருந்தது. ராணியின் கன்னத்தில் மட்டும் கம்பி நாரின் கீறல்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின.

நிபுணரின் புத்தகத்தை எழுத்து எழுத்தாகப் படித்தவள் சிவப்பு மை. பழைய காசுக்கு அந்தக் கறுப்புதான் உயிர், அதைத் தேய்ப்பவனை மன்னிக்கவே கூடாது என்று முதல் அத்தியாயத்திலேயே இருந்தது. அவளுக்கு அழுகை வந்தது. ஆனால் அம்மா பாவம், உதவி செய்யத்தானே நினைத்தாள் என்று விழுங்கிக்கொண்டாள்.

புதுப் படம் போனது. பதில் உடனே வந்தது. "நேத்து சந்தையில வாங்கினதான்னு கேக்கறார்" என்றார் முதலாளி.

"வெள்ளின்னு நிரூபிச்சா?"

"என்னமோ பண்ணுங்க. ஆனா திங்கள்கிழமைக்கு முன்னாடி பண்ணுங்க."

அவள் நகைக்கடைக்குக் கிளம்பினாள். முழங்கால் வலி என்று வாசல் தாண்டாத அம்மா, அன்று செருப்பை மாட்டிக்கொண்டு முதல் ஆளாக நின்றாள்.

நகைக்கடைக்காரர் காசைக் கல்லில் உரசிப் பார்த்து, "நல்ல வெள்ளிம்மா" என்றார்.

சிவப்பு மை அம்மாவைப் பார்த்து ஜெயித்த சிரிப்பு ஒன்று சிரித்தாள்.

"மேல மட்டும் வெள்ளியா இருக்கும்" என்றாள் அம்மா. "ஓரத்துல நல்லா ஆழமா அறுத்துப் பாருங்க."

"அறுத்தா காசு கெட்டுப்போயிடும்மா."

"போலி கெட்டா என்ன?"

'போலி' என்ற சொல்தான் சிவப்பு மையின் மண்டையில் ஏறியது. "அறுங்க சார்! எங்கப்பா காசு, உள்ளேயும் வெள்ளிதான்!" என்று மேசையைத் தட்டினாள். கடைக்காரர் அரத்தை எடுத்து ஓரத்தில் ஒரு வெட்டு வெட்டினார். உள்ளேயும் வெள்ளிதான். மறுபக்கம் இருந்த குதிரைக்கு மட்டும் ஒரு காலைக் காணவில்லை.

"வெள்ளியில போலி செய்யறதுக்கு யாராவது தடை போட்டிருக்காங்களா?" என்று நிபுணர் கேட்டதாக முதலாளி சொன்னார். "நொண்டிக் குதிரை எந்த ராணி வச்சிருந்தான்னும் கேக்கறார். வேண்டாம்மா. இதோ நானே கடிதத்தை எழுதிட்டேன். நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க. போடலைன்னா திங்கள்கிழமைலேர்ந்து வேற இடம் பார்த்துக்குங்க."

கடிதத்தை வாங்கினாள். சிவப்புப் பேனாவைத் திறந்தாள். 'வருந்துகிறேன்' என்ற சொல்லின் மீது ஒரு கோடு இழுத்து, மேலே 'வருந்தவில்லை' என்று திருத்தி, முதலாளியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். வேலை போனால் போகட்டும். வாழ்நாள் முழுக்க ஓர் ஆணிகூட கோணலாக அடிக்காத மனிதரைப் பொய்யர் என்று அச்சடித்துப் புத்தகமாகப் போடுவார்களா? அதற்கு அவளே புரூஃப் பார்த்துக் கொடுக்க வேண்டுமா?

அருங்காட்சியகத்துக்கு நேரிலேயே போவது என்று முடிவானது. கிளம்புகிற நேரத்தில் டப்பாவில் காசைக் காணவில்லை.

"கழுவி வைக்கலாம்னு எடுத்தேன்" என்றாள் அம்மா. "கை வழுக்கிடுச்சு."

"எங்கே வழுக்கிச்சு?"

அம்மா பாத்திரம் கழுவும் தொட்டியின் ஓட்டையைக் காட்டினாள். "போனது போகட்டும்டி. உங்கப்பா கணக்கு இத்தோட தீர்ந்துச்சுன்னு நினைச்சுக்கோ."

கணவர் குழாயைக் கழற்ற ஆள் கூப்பிடலாமா என்று யோசிப்பதற்குள், சிவப்பு மை தொட்டிக்கு அடியில் படுத்துவிட்டாள். திருகிப் பார்த்தாள், வரவில்லை. சுத்தியலை எடுத்து நான்கு போடு போட்டாள். குழாய் உடைந்தது, காசும் விழுந்தது. நான்காவது போடு குழாயின் மேல் விழவில்லை என்பது காசைப் பார்த்ததும் தெரிந்தது. ராணியின் கழுத்து ஒரு பக்கமாக வளைந்திருந்தது.

"இதைக் கொண்டுபோய்க் காட்டினா சிரிப்பாங்கடி" என்றாள் அம்மா.

"சிரிக்கட்டும். சிரிச்சு முடிச்சதும் பார்க்கட்டும்."

"அப்ப நானும் வரேன்."

அருங்காட்சியகத்தில் அன்று கூட்டம் இல்லை. அப்பா ஊரில் எல்லா இடத்துக்கும் அவளைக் கூட்டிப்போய் 'இது நான் செஞ்ச பெட்டி' என்று காட்டியிருக்கிறார். இங்கே மட்டும் ஏனோ கூட்டி வந்ததில்லை. காசுகள் இருந்த அறையின் நடுவில், நீல வெல்வெட்டில் தனியாக ஒரு காசு விளக்கொளியில் கறுப்பாகத் தெரிந்தது. பக்கத்தில் நிபுணர் நின்றிருந்தார். கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்கியது.

"ஓ, அந்தத் திருத்தம் நீங்கதானா? காட்டுங்க பார்ப்போம்."

அவர் காசை உள்ளங்கையில் வாங்கினார். அப்படியும் இப்படியும் திருப்பினார்.

"என்னம்மா இது, லாரி ஏறின மாதிரி இருக்கு?"

"லாரி இல்ல சார், எங்கம்மா."

அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"சரி, மச்சம் எங்கே?" என்றார் நிபுணர். அவளைக் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் அழைத்துப் பூதக்கண்ணாடியைக் கொடுத்தார். "நல்லா பாருங்க. ராணியோட மூக்கு நுனியில மச்சம் தெரியுதா? அந்தக் காலத்துக் கலைஞன் ராணிங்கறதுக்காகப் பயப்படலை. உள்ளதை உள்ளபடி செதுக்கியிருக்கான். அதைப் பத்தி ஒரு அத்தியாயமே எழுதியிருக்கேன்."

"தெரியும். ஏகப்பட்ட ஒற்றுப் பிழை. நான்தான் திருத்தினேன்."

"உங்க ராணிக்கு மச்சமே இல்லையே! போலி செஞ்சவனுக்கு அது தெரிஞ்சிருக்கலை, பாவம்."

"நாலாவது அத்தியாயத்துல நீங்க என்ன எழுதியிருக்கீங்க? வெள்ளிக் காசைக் கல்தரையில போட்டா மணி மாதிரி ஒலிக்கும், போலி ஒலிக்காதுன்னு எழுதலை? ரெண்டையும் போட்டுப் பார்த்துடலாம். திறங்க பெட்டியை!"

"திறக்க முடியாது."

"பயமா?"

"பயமெல்லாம் இல்ல. சாவி இல்ல." நிபுணர் வாசலில் நின்ற காவலாளியைக் கூப்பிட்டார். "சொல்லுப்பா."

காவலாளி இடுப்பில் ஒரு பெரிய சாவிக்கொத்து ஆட, நிதானமாக வந்தார். "ஆமாம்மா. நான் வேலைக்கு வந்த புதுசுல இந்தப் பெட்டி வந்துச்சு. இதுக்கு ஒரே ஒரு சாவிதான். வந்த கொஞ்ச நாள்லயே காணாமப் போச்சு. தேடாத இடம் இல்ல. அப்புறம் யாரும் திறக்கவும் இல்ல."

"திறக்கவே முடியாத பெட்டியைவிடப் பத்திரமான பெட்டி உண்டா?" என்றார் நிபுணர் பெருமையாக.

"பார்த்தியா, சாவி இல்லையாம். வாடி போகலாம்" என்று அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

சிவப்பு மை நகரவில்லை. அவள் பார்வை பெட்டியின் மூலையில் இருந்த கீலில் ஒட்டிக்கொண்டது. வெற்றிலை வடிவக் கீல்.

"இது எங்கப்பா செஞ்ச பெட்டி சார்!" என்றாள். "அம்மா, பாரேன்!"

"பார்த்தேன், பார்த்தேன். வா."

"எங்கப்பா பூட்டுன்னா எங்கிட்ட என்ன முறைக்கறது?" காசோடு கொண்டுவந்திருந்த மிட்டாய் டப்பாவைத் திறந்து அந்தக் குட்டிச் சாவியை எடுத்தாள். வீட்டில் எதற்கும் சேராத சாவிதான், இருந்தாலும் போட்டுப் பார்ப்பதில் என்ன நஷ்டம்? ஒரு திருப்புத் திருப்பினாள். பூட்டு வெண்ணெய் மாதிரித் திறந்துகொண்டது. "பார்த்தீங்களா? அப்பா பூட்டு பொண்ணு பேச்சைக் கேக்குது!"

'எதையும் தொடாதீங்க' என்று நிபுணர் சொல்வதற்குள் தன் காசைக் கல்தரையில் போட்டாள்.

'ணங்' என்ற ஒலி அறை முழுக்கச் சுற்றி வந்தது. கன்னம் கீறி, ஓரம் அறுபட்டு, கழுத்து வளைந்த அந்த ராணி வாய் திறந்து பாடிவிட்டாள்.

"இப்ப உங்களோடது."

நிபுணர் வெல்வெட்டிலிருந்து காசை இரண்டு விரலால் எடுத்தார். தாழ்வாகக் குனிந்து, மெல்ல விட்டார்.

'தொப்.'

"தரை சரியில்லை" என்றார்.

"தள்ளி வந்து போடுங்க."

தள்ளி வந்து போட்டார். மறுபடியும் 'தொப்'. நிபுணருக்கு வியர்த்தது. காசைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்து, நகத்தால் ராணியின் மூக்கை லேசாகத் தொட்டார். மச்சம் கழன்று அவர் நகத்தோடு வந்துவிட்டது. அது இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஈயம் தெரிந்தது.

"வார்க்கும்போது வந்த கொப்புளம்" என்று முனகினார். தன் பெட்டிக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஒரு அத்தியாயம்... ஒரு முழு அத்தியாயம்..."

"அப்ப என்னோடது?"

"நிஜம்மா. சந்தேகமே இல்ல. பார்க்கவே பரிதாபமா இருக்கு, ஆனா நிஜம்." அவர் குரல் உடைந்தது. "உங்கப்பாவை நான் பொய்யர்னு எழுதியிருக்கக் கூடாது."

அவ்வளவு நாள் அடக்கிவைத்ததெல்லாம் சிவப்பு மைக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள்.

"எழுதுங்க சார். 'அந்தத் தச்சர் சொன்னது முழுக்க உண்மை'ன்னு எழுதுங்க. ஒரு பெரிய மனுஷர் அவர் வேலையைப் பார்த்து அசந்துபோய் இந்தக் காசைக் கொடுத்தார். அதை அவர் ஊரெல்லாம் சொல்லிப் பீத்திக்கக்கூட இல்ல. அப்படிப்பட்டவர் கையால செஞ்ச பெட்டிக்குள்ளேயே ஒரு போலியை வச்சுக்கிட்டு, அவரைப் போய்ப் பொய்யர்னு எழுதறீங்க! கேக்க ஆள் இல்லைன்னு நினைச்சீங்களா? நான் இருக்கேன்!" அம்மாவின் பக்கம் திரும்பினாள். "இப்பவாவது ஒத்துக்கம்மா. அப்பா பொய் சொல்வாரா?"

அம்மா பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். காவலாளி மட்டும் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, அந்தக் குட்டிச் சாவியைப் பூட்டில் இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். பிறகு வெளியே எடுத்துத் துடைத்து, மிகுந்த மரியாதையோடு அவளிடம் நீட்டினார்.

"ஏம்மா, உங்கப்பாவுக்குக் காசு கொடுத்த அந்தப் பெரிய மனுஷர், கூடவே எங்க சாவியையும் கொடுத்துட்டாரா?"